இறக்கையில் எத்தனை துளை?

லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, இரண்டாம் உலகப் போரின் ஹரிக்கேன் விமான மாதிரி ஒன்றை ஒட்டி முடித்தோம். அளவு 72இல் ஒன்று. இறக்கை முனைக்கு முனை 17 சென்டிமீட்டர். நிஜ விமானத்தின் பின்னுடல் துணி போர்த்தியது. மாதிரியிலும் அந்த வரிகள் சரியாகவே இருக்கு. இறக்கையில் துப்பாக்கித் துளைகளை எண்ணினோம்: 12. மார்க் 1இல் எட்டு, மார்க் 2பியில் பன்னிரண்டு.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க, குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258ஆம் படையணியின் 14 ஹரிக்கேன்கள் கிளம்பின. இரண்டு வகையும் இருந்தன. 9 வீழ்ந்தன.

ஆக, மாதிரி பொய் சொல்லல, முழுசாவும் சொல்லல. மலாயா விழுந்த பிறகு நேச நாடுகளின் ரப்பருக்கு இலங்கைத் தோட்டங்களே பெரிய நம்பிக்கை. பிரிட்டனின் தேத்தண்ணிக்குக் கொழுந்து நம்ம மலையிலிருந்தும் போச்சு. அப்படி உழைத்தவர்களில் பெரும்பாலோரை 1948 சட்டம் நாடற்றவர்களாக்கியது.

விமானத்துக்குப் பக்கத்தில் வைக்க, அதே அளவில் ஒரு காம்பரா செய்யப் போகிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா 5 சென்டிமீட்டர்தான் வரும். ஒரு குடும்பமே வாழ்ந்த இடம், இறக்கையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.