மதிலுக்கு வெளியே நின்ற மனிதர்: தொழுநோய்ப் பணியின் வரலாறு தரும் பாடம்

செஞ்சிக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுவன கோட்டை மதில்களே. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்துச் செல்லும் அம்மதில்கள் நாயக்கர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலருடைய ஆட்சியைக் கண்டவை. 2025ஆம் ஆண்டில் அவை உலக மரபுச் சின்னங்களின் வரிசையிலும் இடம்பெற்றன. ஆனால் கல்லால் ஆகாத மதில் ஒன்றும் நம் வட மாவட்டச் சிற்றூர்களில் இருந்தது. தொழுநோய் கண்டவரை ஊருக்குப் புறத்தே நிறுத்திய மதில் அது. அது தளர்ந்த வரலாற்றை அறிவது இன்றைய திருச்சபைத் தொண்டிற்கு இன்றியமையாதது எனக் கருதுகிறோம்.

'ஆளை மையமாகக் கொண்ட பராமரிப்பு' என்னும் தொடர் இன்று சமூகப்பணி வட்டாரங்களில் மிகுதியும் வழங்குகிறது. உதவி நாடி வருபவரையே உதவியின் மையமாகக் கொள்ள வேண்டும் என்று உளவியலறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1951இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நோயையோ நிலையத்தின் வசதியையோ முன்வைக்காமல், ஆளையும் அவரது விருப்பத்தையும் அவர் வாழும் இடத்தையும் முன்வைப்பதே இதன் சாரம். தொடர் மேல்நாட்டில் பிறந்ததாயினும், அதன் பொருள் ஏறத்தாழ அதே காலத்தில் நம் நாட்டிலேயே செயலாகி வந்தது.

1. காப்பகக் காலம்

1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், வறுமையுற்ற தொழுநோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. அருட்பணிச் சங்கங்களும் காப்பகங்கள் அமைத்தன. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் முயற்சியால் எழுந்த நிலையம் அவற்றுள் பெயர்பெற்றது. அப்பணியை நாம் இகழ்தல் தகாது. ஒருவரும் தொடத் துணியாத காலத்தில் அவர்கள் தொட்டனர். உணவும் உறைவிடமும் தந்தனர். எனினும் உள்ளே சென்றவர் மனைவி மக்களையும் நிலத்தையும் தொழிலையும் வெளியே விட்டுச் செல்ல நேர்ந்தது. உயிர் காக்கப்பட்டது, உறவு காக்கப்படவில்லை.

2. மரத்தடி மருத்துவம்

1940களில் டாப்சோன் என்னும் மருந்து வந்தது. விலை மலிந்த இம்மாத்திரையை வீட்டிலிருந்தே உட்கொள்ளலாம். ஆயின் நோயாளர் ஏன் வீட்டைவிட்டு வரவேண்டும்? இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே பொலம்பாக்கம் பணி. செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனத்தையும் கடந்து, மதுராந்தகம் பகுதியில் உள்ளது இவ்வூர். பெல்ஜிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் 1955இல் இங்கே பணி தொடங்கினார். முன்னர் காங்கோ நாட்டில் பல்லாண்டு தொழுநோய்ப் பணி செய்தவர் அவர். நோயாளரை நிலையத்திற்கு அழையாமல், குறித்த நாளில் குறித்த சாலையோர மரத்தடிக்கு மருத்துவக் குழுவே சென்றது. உழவர் தம் வயலையும் தாய் தன் குழந்தையையும் பிரியாமல் மருந்து பெற்றனர். அவருடன் உழைத்த மருத்துவர் கிளேர் வெலூட் இந்தியக் குடியுரிமையே பெற்று இந்நாட்டவரானார். இவர்கள் கத்தோலிக்கர். எனினும் இப்பாடத்தைக் கற்பதில் சபைப் பிரிவு நமக்குத் தடையாகக் கூடாது.

3. திருந்திய கையும் திருந்தாத ஊரும்

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தத் தொடங்கினார். ஆனால் கை திருந்தியவர்களுள் சிலர் மீண்டும் வந்து முறையிட்டனர். ஊனமற்ற கைக்குப் பிச்சை குறைந்தது. வேலை தருவாரும் இல்லை. மருத்துவர் கையைப் பார்த்தார். நோயாளரோ வாழ்வைப் பார்த்தார். பிராண்ட் அம்முறையீட்டைச் செவிமடுத்தார். அதன் பயனாக 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே சிற்றூர் போன்று நவஜீவ நிலையம் எழுந்தது. அங்கே அவர்கள் தொழில் கற்றனர். உணர்ச்சியற்ற பாதம் புண்ணாவதைத் தடுக்க, அவரவர் பாதத்திற்கேற்ற மென்ரப்பர்ச் செருப்புகளும் வேலூரிலும் கரிகிரியிலும் உருவாயின. 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவரது உழைப்பின் கனி. பராமரிக்கப்படுபவரே பராமரிப்பவராதல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

4. சட்டமும் திருச்சபையும்

1980களில் பன்மருந்துச் சிகிச்சை பரவியது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் தொழுநோய் பத்தாயிரவருக்கு ஒருவர் என்னும் அளவிற்கும் கீழே குறைந்ததாக இந்திய அரசு அறிவித்தது. சட்டமோ பின்தங்கியே வந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல்தான். கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்திலும் தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. 2019இல்தான் அது அகற்றப்பட்டது. 'நோயிலும் நலத்திலும்' என்று மணமேடையில் வாக்குறுதி வாங்கும் நாம், அவ்வாக்கினின்று ஒரு நோயை விலக்கி வைத்த சட்டத்தை இத்தனை ஆண்டுகள் எப்படிப் பொறுத்திருந்தோம் என்பது சிந்தித்தற்குரியது.

5. இன்றைய அறைகூவல்

மதில்கள் வேறு வடிவிலும் எழக்கூடும். 2023 பிப்ரவரியில், செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலேயே, குண்டலப்புலியூரில் இயங்கிய காப்பகம் ஒன்றிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோரை அரசு அலுவலர் மீட்டனர். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று நீதிமன்றம் நாடப்பட்டதே அதற்குத் தொடக்கம். குற்றச்சாட்டுகளைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் பணி. நாம் கருதவேண்டியது வேறு. ஒரு மனிதர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில், உணவும் கூரையும் இருப்பினும் பராமரிப்பு இல்லை.

பர்திமேயு பார்வையற்றவன் என்பது எவருக்கும் தெரிந்ததே. ஆயினும் அவனுக்கு வேண்டியது யாது என்று ஆண்டவர் அவனையே வினவினார் என மாற்கு 10ஆம் அதிகாரம் காட்டுகிறது. அவ்வினா ஒப்புக்குக் கேட்டதன்று. அவனை ஆளாக மதித்தது. நம் ஆயர்களும் இறையியல் மாணவரும் முதியோர் இல்லத்தையோ மனநலக் காப்பகத்தையோ காணச் செல்லும்போது, படுக்கைகளை எண்ணிப் பாராட்டித் திரும்புதல் போதாது. இங்கு வாழ்வோரின் பெயரை ஊழியர் அறிவரா? அவர்கள் எங்கே வாழ விரும்புகின்றனர் என்று எவரேனும் கேட்டதுண்டா? வீடு திரும்ப வழி தேடப்படுகிறதா? இம்மூன்றையும் கேட்டறிந்து, விடை கிடையாத இடத்தில் மீண்டும் மீண்டும் கேட்பதும் மேய்ப்புப் பணியே ஆகும்.