ரவுட்டர் மேசை: தென்காசி வட்டாரப் பட்டறைகளில்

ரவுட்டர் மேசை என்பது, மரத்தில் காடி வெட்டவும் விளிம்புக்கு வளைவு கொடுக்கவும் பயன்படும் ரவுட்டர் எந்திரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அதன் வெட்டும் பிட் மட்டும் பலகைக்கு மேலே தெரியுமாறு அமைத்த பட்டறை மேசை. கையால் ஓட்டும்போது மரம் நிற்கும், எந்திரம் நகரும். மேசையில் எந்திரம் நிற்க, மரம் நகரும். கைரவுட்டரை மேலே நிறுத்தக்கூட இடமில்லாத குறுகிய பீடிங் சட்டங்கள், கதவுப் பலகைகளின் ஓரங்கள், ஒரே அளவில் பல துண்டுகளுக்கு வேண்டிய நா, காடி ஆகியவை இதில்தான் சுலபம்.

மின்சாரத்துக்கு முன் இந்த வேலைகளுக்கெல்லாம் தனித்தனி இழைப்புளிகள் இருந்தன. முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி அமெரிக்காவின் சைரக்யூஸ் நகரில் ஆர். எல். கார்ட்டர் கையில் பிடிக்கும் மின் ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தொழிலை 1929இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. அதைக் கவிழ்த்து மேசையில் மாட்டும் யோசனைக்குத் தனியாக ஒரு கண்டுபிடிப்பாளரைத் தேட வேண்டியதில்லை. தொழிற்சாலைகளில் அச்சு நிமிர்ந்து நிற்கும் ஸ்பிண்டில் மோல்டர் அதற்கு முன்பே உண்டு. ரவுட்டர் மேசை அதன் ஏழை உறவு.

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் மூன்றும் ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கின்றன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் கேரளப் பக்கத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கணவாய் வழியாகப் புனலூருக்குப் போகும் ரயில்பாதை 1904இல் திறக்கப்பட்டது. மலைக்கு இருபுறமும் மரம் புழங்கிய வழி இது; செங்கோட்டையின் மர அறுவை ஆலைகளுக்கும் மரக்கடைகளுக்கும் பின்னணி இதுவே. தேக்கு, அயினி, வேங்கை, பலா, வேம்பு எல்லாம் இப்பகுதி ஆசாரிகளின் கைக்குப் பழகியவை. கொல்லம் பக்கத்து ரப்பர் மரமும் இப்போது சேர்ந்துவிட்டது. குற்றாலம் சீசன் கடைகளில் குழந்தைகளுக்கு வாங்கும் மரச் சொப்புக்கும் இந்த மேசைக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிடலாம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைசலில் பிறப்பது. உருண்டை வேலை அங்கே, நேர்கோட்டு வேலை இங்கே.

இவ்வட்டாரத்தில் மேசை செய்பவர் முதலில் யோசிக்க வேண்டியது சாரலைப் பற்றி. ஜூன் முதல் ஆகஸ்டு வரை கணவாய் வழியே ஈரக்காற்று வீசும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை. நடுவில் மாசி முதல் சித்திரை வரை நல்ல வறட்சி. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக நெடுநாள் நின்றால் மரத்துக்குள் ஈரம் சுமார் 7 சதவீதத்தில் நிலைகொள்ளும். 85 சதவீதமானால் 17 வரை ஏறும். தேக்கு பிற மரங்களைவிட அடக்கமானது. அப்படியும் ஈரம் 5 சதவீதம் ஏறினால் 100 மி.மீ. அகலப் பலகை கிட்டத்தட்ட 1 மி.மீ. விரியும். நாட்டு மரங்களில் பல இதைவிட அதிகம் விரியும், முறுக்கிக்கொள்ளவும் செய்யும்.

ஆகவே மேற்பலகையைக் கட்டி மரத்தில் செய்யக் கூடாது. வீட்டில் நல்ல தேக்குப் பலகை சும்மா கிடக்கிறதே என்று தோன்றும். அதைக் காலுக்கும் சட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். மேற்பரப்புக்கு ஏற்றது, நீர் தாங்கும் ஐஎஸ் 710 தரப் பிளைவுட். 18 மி.மீ. தாள்கள் இரண்டை ஃபெவிகால் மரைன் போன்ற பசையால் ஒட்டி, சமதளத்தில் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு நாள் விட வேண்டும். எச்டிஎச்எம்ஆர் பலகையும் ஆகும். சாதாரண எம்டிஎஃப் தட்டையாகத்தான் இருக்கும், ஆனால் வெட்டிய ஓரத்தில் ஈரம் பட்டால் உப்பிவிடும். எதுவானாலும் மேலும் கீழும் மைக்கா ஒட்டுவது அவசியம். மேலே மட்டும் ஒட்டினால் கீழ்ப்பக்கம் தனியாக ஈரத்தை இழுத்து, பலகை கிண்ணம்போல் வளையும். செலவை மிச்சம் பிடிக்கப் பலரும் விட்டுவிடும் இடம் இதுதான்.

அளவு சுமார் 800க்கு 600 மி.மீ., உயரம் 850 முதல் 900 மி.மீ. போதும். காலுக்கு மரம் கிடைக்காவிட்டால் வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாய் சட்டம் அடித்துக்கொள்ளலாம்.

ரவுட்டர் தொங்குவது பலகையில் அல்ல, அதில் பதித்த தகட்டில். 6 மி.மீ. அலுமினியத் தகடோ, 10 மி.மீ. ஹைலம் ஷீட்டோ இதற்குச் சரி. தகட்டின் கனத்துக்கே பலகையில் படி வெட்டி, நான்கு மூலைகளிலும் கீழிருந்து திருகும் சிறு ஸ்குரூக்களால் மட்டம் பார்க்க வேண்டும். தகடு ஒரு தாள் கனம் இறங்கியிருந்தாலும் மரத்தின் முன் ஓரம் வெளியேறும் பக்கம் தட்டி நிற்கும். அங்கே ஒரு கணம் தயங்கிய இடத்தில் பிட் கருக்கிய வரி விழும். சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனம் 0.1 மி.மீ. நேர் ஸ்கேலை மேசைமேல் குறுக்காக வைத்து, அடியில் தாளை நுழைத்துப் பார்ப்பதே மலிவான சோதனை. சாரல் தொடங்கியதும் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

மரத்தை ஒட்டித் தள்ள உதவும் கைடு செய்வது இதைவிட எளிது. வட்ட ரம்ப மேசையில் கைடு ரம்பத்துக்கு இணையாக நிற்க வேண்டும். பிட் உருண்டையானது, அதற்கு இணை என்ற பேச்சே இல்லை. நேரான ஒரு சட்டம், ஒரு முனையில் போல்ட்டு, மறுமுனையில் கிளாம்பு, அவ்வளவே. பிட் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் கிளாம்பு முனையை 1 மி.மீ. தட்டும்போது வெட்டு அரை மி.மீ. மட்டும் மாறும்; நுட்பமான திருகாணி இல்லாமலே நுட்பம் கிடைக்கிறது. கைடின் பின்னால் பெட்டி அடித்துத் தூசி உறிஞ்சும் குழாயை மாட்டலாம். மேசையின் அடிப்பகுதியை முழுக்க மூடிவிட்டால் மோட்டாருக்குக் காற்று போகாமல் சூடேறும், மரத்தூள் கார்பன் பிரஷ்ஷையும் தின்னும்.

ஓட்டும் திசை மாற்றமில்லாத விதி. தலைகீழாக நிற்பதால், மேலிருந்து பார்த்தால் பிட் இடஞ்சுழியாகச் சுற்றும். கைடு பிட்டுக்குப் பின்னால் இருக்க, மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் பிட்டே மரத்தைப் பிடுங்கி எறியும், விரல் அதன் பின்னால் போகும். பிட்டுக்கும் கைடுக்கும் நடுவே மரத்தைச் செருகுவதும் அதே ஆபத்து. சிறு துண்டுகளைக் கையால் தள்ளாமல், தள்ளுகட்டையால் தள்ள வேண்டும்.

வேகம் பிட்டின் விட்டத்தைப் பொறுத்தது. 12 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓடினால் அதன் ஓரம் வினாடிக்கு 15 மீட்டர் போகும். அதே சுற்றில் 50 மி.மீ. பிட்டின் ஓரம் 63 மீட்டர் போகும். பெரிய பிட்டுக்கு 16,000க்கு மேல் வேண்டாம். அதனால் 30,000 சுற்றுக்கு மேல் போகும், வேகம் குறைக்க வழியில்லாத டிரிம்மர் எந்திரம் மேசைக்கு வந்தாலும் சிறு பிட்டோடு நிற்க வேண்டும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் சாதாரண ஸ்டீல் பிட் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு முனைதான் தாங்கும்.

கதவுக்குள் நிற்கும் பலகைக்குக் காடி வெட்டும்போது தேக்கு விரிவதற்கு மேலே சொன்ன 1 மி.மீ. கணக்கைத் திரும்ப எடுக்க வேண்டும். 300 மி.மீ. தேக்குப் பலகை கோடையிலிருந்து மழைக்குள் 3 மி.மீ. அளவு விரியக்கூடும். கோடையில் இறுக்கமாக அடித்தால் ஆடியில் சட்டம் பிளக்கும். மழையில் அடித்தால் பங்குனியில் ஓரத்தில் வெளுத்த கோடு தெரியும். காடியை ஆழமாக வெட்டி, பலகையைப் பசையில்லாமல் சொருகுவதே வழக்கம்.

மின்சார ஏற்பாட்டில், ரவுட்டரின் சொந்த ஸ்விட்ச்சை ஆன் நிலையில் வைத்துவிட்டு சுவர் ஸ்விட்ச்சால் இயக்குவது பட்டறைகளில் சகஜம். கரன்ட் போய்த் திரும்பி வந்தால் யாரும் எதிர்பாராமல் பிட் சுற்றத் தொடங்கும். கிணற்று மோட்டாருக்குப் போடும் பச்சை, சிவப்புப் பட்டன் ஸ்டார்ட்டரின் தத்துவம் இங்கேயும் பொருந்தும்: மின்சாரம் நின்றதும் காயில் விட்டுவிடும், மறுபடி பச்சையை அழுத்தாமல் ஓடாது. ரவுட்டர் எடுக்கும் ஆம்பியருக்குத் தக்க சிறிய ஒற்றை ஃபேஸ் ஸ்டார்ட்டரை மேசையின் முன்காலில், முழங்காலால் சிவப்பைத் தட்டக்கூடிய உயரத்தில் பொருத்துவது போதுமானது. பிட் மாற்றும்போது மட்டும் இதை நம்பாமல் பிளக்கையே உருவிவிட வேண்டும்.