உப்பு இன்ஸ்பெக்டர் எழுதிய கதைகள்

முத்தையாபுரத்துக்காரர்களுக்கு உப்பைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பக்கம் வெயில் நேரத்தில் பஸ்ஸில் போனாலே போதும், உப்பளம் கண்ணைக் கூசவைக்கும். அந்த ஊரில் ஒரு வீட்டில், பையனோ பொண்ணோ பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சரில் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கதை எழுதுகிற ஆசையும் இருக்கிறது. வீட்டில் என்ன கேட்பார்கள்?

'கதை எழுதுனா சோறு போடுமா?'

ஹார்பரிலும் ஸ்பிக்கிலும் வேலை பார்த்து வீடு கட்டிய தலைமுறை கேட்கிற நியாயமான கேள்விதான். இன்னொரு கேள்வி உண்டு. அதை வீட்டில் யாரும் கேட்பதில்லை. ராத்திரி படுத்தபிறகு அந்தப் பிள்ளையே தன்னைக் கேட்டுக்கொள்ளும். காலேஜில் படிப்பது ஷேக்ஸ்பியர், தெருவில் பேசுவது 'ஏலே, வாலே'. எழுதுவது எந்த பாஷையில்?

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு டிகிரி தரப்போவது மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். 1891-ல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்துக்குக் கரு எங்கிருந்து வந்தது தெரியுமா? லிட்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு கதையிலிருந்து. சர்டிபிகேட்டிலேயே பாதி பதில் அச்சடித்திருக்கிறது!

மீதிப் பதிலுக்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். முக்காணி, ஏரல் வழியாகப் போனால் பெருங்குளம். இன்று தூத்துக்குடி மாவட்டம், அன்று திருநெல்வேலி ஜில்லா. அங்கே 1872-ல் பிறந்தவர் அ. மாதவையா. பதினைந்து வயதில் கல்யாணம். மனைவி மீனாட்சிக்கு வயது பதினொன்று! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் முடித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, கடற்கரைப் பக்கம் எஸ்பிளனேடில் இருந்தது. பிரின்சிபால் வில்லியம் மில்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஷேக்ஸ்பியர் நாடகங்களை வாழ்க்கைப் பாடமாகவே நடத்தியவர். மாதவையா இங்கிலீஷில் ஊறிப்போனார். 1892-ல் பி.ஏ. முடித்தார். மேலே எம்.ஏ. படிக்க ஆசை. ஆனால் குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. பரீட்சை எழுதி உப்பு இலாகாவில் சேர்ந்துவிட்டார்.

உப்பு, சுங்க இலாகா என்றால் சும்மா இல்லை. அன்று உப்புக்கு வரி. சர்க்காருக்குத் தெரியாமல் ஒரு கைப்பிடி உப்பு காய்ச்சினாலும் குற்றம். (1930-ல் காந்தி தண்டியிலும் ராஜாஜி வேதாரண்யத்திலும் எதிர்த்தார்களே, அதே வரிதான்.) கள்ள உப்பைக் கண்டுபிடிக்கக் கடலோரமாகச் சுற்றவேண்டும், வருஷாவருஷம் மாற்றல் வேறு. வடக்கே ஆந்திரக் கடலோரம்வரை அனுப்பினார்கள். எழுத ஆசைப்படுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வேலை உண்டா?

எனக்கென்னவோ, அந்த வேலைதான் அவரைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. அதற்கு முந்தைய தலைமுறைப் புலவர்கள் ஜமீன் வாசலில் காத்துக் கிடந்தவர்கள். மாதவையா யாரையும் புகழ்ந்து பாட வேண்டியிருக்கவில்லை. மாசம் பிறந்தால் சம்பளம். அதனால்தான் தன் சொந்த ஜாதிக்கே பிடிக்காத விஷயங்களை எழுத முடிந்தது.

என்ன விஷயம்? அவருக்கு நடந்ததேதான். பால்ய விவாகம்.

1892-ல், படிப்பு முடிந்த கையோடு, 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 'சாவித்திரி சரித்திரம்' என்று ஒரு தொடர் ஆரம்பித்தார். சில அத்தியாயங்களோடு நின்றுபோனது. விட்டாரா மனுஷன்? பதினோரு வருஷம் கழித்து, 1903-ல், அதையே 'முத்துமீனாட்சி' என்று புத்தகமாகக் கொண்டுவந்தார். சின்ன வயதிலேயே விதவையான ஒரு பெண், தன் கதையைத் தானே சொல்கிறாள். கடைசியில் மறுமணமும் செய்துகொள்கிறாள். அக்கிரகாரத்தில் அன்று இதை எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர் எழுதியதிலேயே இதுதான் துணிச்சலானது என்பேன். பெயர் என்னவோ 1898-ல் வந்த 'பத்மாவதி சரித்திர'த்துக்குத்தான் அதிகம். அதில் நடுநடுவே கதையை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுவார். நமக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்!

சரி, இங்கிலீஷ் என்ன ஆச்சு? அதையும் விடவில்லை. 'முத்துமீனாட்சி' வந்த அதே 1903-ல் 'தில்லை கோவிந்தன்' என்ற ஆங்கில நாவலும் வந்தது. கிராமத்துப் பையன் ஒருவன் பட்டணம் போய்ப் படித்து, ரெண்டும் கெட்டானாகத் தவிக்கிற கதை. 1916-ல் லண்டனிலேயே பதிப்பித்தார்கள். 1915-ல் 'கிளாரிந்தா'. பாளையங்கோட்டையில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று ஜனங்கள் சொல்கிற பழைய சர்ச்சைக் கட்டிய பிராமண விதவையின் கதை. கவனித்தீர்களா? பாஷைதான் இங்கிலீஷ். சரக்கு எல்லாம் திருநெல்வேலிச் சரக்கு. லண்டன் பனியையும் டாஃபோடில் பூவையும் அவர் தொடவே இல்லை. மில்லரிடம் படித்தது நாவல் எப்படி எழுதுவது என்பதற்கு உதவியது. எதைப் பற்றி எழுதுவது என்பதைப் பெருங்குளமே சொல்லிவிட்டது.

'ஹிந்து'வில் 'குசிகர்' என்ற பெயரில் இங்கிலீஷில் குட்டிக் கதைகள் எழுதினார். படித்தவர்கள் ரசித்தார்கள். ஆனால் அந்தக் கதைகள் யாருக்காக எழுதப்பட்டனவோ, அந்த வீட்டுப் பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே! 1924-ல் அவரே அவற்றைத் தமிழில் 'குசிகர் குட்டிக் கதைகள்' என்று போட்டார். இதற்கு ரெண்டு வருஷம் முன்பே, 1922-ல், உத்தியோகத்திலிருந்து விலகியாகிவிட்டது. மயிலாப்பூரில் வீடு, சொந்தமாக அச்சகம், 'பஞ்சாமிர்தம்' என்று ஒரு மாதப் பத்திரிகை. முப்பது வருஷம் உப்பு வரி வசூலித்தவர் ஐம்பது வயதில் முழுநேர எழுத்தாளர்.

1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் கூட்டம். மாதவையா அதில் உறுப்பினர். பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று எழுந்து பேசினார். இங்கிலீஷில் நாவல் எழுதி லண்டனில் வெளியிட்டவர், படித்த அதே பல்கலைக்கழகத்தில் நின்று கேட்டது இது. பேசி முடித்து உட்கார்ந்தவர் அங்கேயே சாய்ந்து இறந்துபோனார். வயது 53.

'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகத்தை அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தார். அது பாதியிலேயே நிற்கிறது.