முருகைக்கல்லுக்கும் பசிக்கும்

நான் பிறந்து வளர்ந்த நெடுந்தீவில் முருகைக்கல் என்றால் மதில். காணிக்குக் காணி, ஒழுங்கைக்கு ஒழுங்கை, சீமெந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த சாம்பல் நிறக் கற்கள். அவற்றின்மேல் ஏறி விளையாடியிருக்கிறோம். அந்தக் கல் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதை நான் அறிந்துகொண்டது லண்டனில், வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்த பிறகுதான். ஒன்பது வருடங்களாக வளர்க்கிறேன். 200 லீற்றர் தொட்டி, சில மீன்கள், இருபது வரையான முருகைகள். அவை எல்லாம் தொட்டிகளில் வளர்த்து, துண்டாக வெட்டி விற்கப்பட்டவை. வீட்டுக்கு வருபவர்கள் அநேகமாகக் கேட்கும் முதற் கேள்வி, "இதுக்கும் சாப்பாடு போடவேணுமோ?" என்பதுதான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்.

வெளிச்சம் மட்டும் போதாது

முருகை ஒரு விலங்கு. கடல் அனிமனி, சொறிமுட்டை (ஜெலிமீன்) ஆகியவற்றின் உறவு. பொலிப்பு எனப்படும் சிறிய உடல், நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றிப் பரிசக்கொம்புகள், அவற்றில் இரையைக் குத்தி மயக்கும் கொட்டும் கலங்கள். இந்தப் பொலிப்புகள் சேர்ந்து கட்டும் சுண்ணாம்பு வீடுதான் நாங்கள் கல் என்று சொல்வது.

பெரும்பாலான பாறை முருகைகளின் உடலுக்குள் ஒருகல அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஒளித்தொகுப்புச் செய்து, தாம் ஆக்கும் வெல்லங்களில் பெரும்பங்கை முருகைக்குக் கொடுக்கின்றன. நல்ல வெளிச்சமுள்ள ஆழமற்ற கடலில் முருகையின் சக்தித் தேவையில் 90 வீதம் வரை இப்படிக் கிடைக்கலாம். இதனால்தான் "விளக்குப் போட்டால் போதும்" என்ற எண்ணம் பரவியது.

ஆனால் அல்கா கொடுப்பது பெரும்பாலும் காபன் சார்ந்த உணவு. தசை வளர, காயம் ஆற, முட்டை உருவாக நைதரசனும் பொசுபரசும் வேண்டும். சோற்றை மட்டும் தின்று பிள்ளை வளர முடியாது. மீனும் பருப்பும் வேண்டும். முருகைக்கு அந்த மீனும் பருப்பும் நீரில் மிதந்துவரும் நுண்ணிய விலங்குப் பிளாந்தன்கள்தான். 1928-29 இல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடருக்குச் சென்ற பிரித்தானிய ஆய்வுக்குழுவின் தலைவர் சி. எம். யங், முருகைகள் விலங்குணவைப் பிடித்துத் தின்னும் ஊனுண்ணிகள் என்பதை அங்கே விரிவாக ஆராய்ந்து காட்டினார்.

எதற்கு என்ன உணவு

எல்லா முருகைகளுக்கும் ஒரே உணவு என்பது முதல் தவறு. வாயின் அளவைப் பார்த்துத்தான் உணவைத் தெரிவு செய்யவேண்டும். வளர்ப்பவர்கள் அவற்றை நான்காகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்.

*பெரிய பொலிப்பு உள்ளவை:* யூபிலியா, டிராக்கிபிலியா, லோபோபிலியா போன்றவை. இவை வாய் திறந்து உண்பதைக் கண்ணால் காணலாம். உறைநிலையில் விற்கப்படும் மைசிஸ் எனும் அரிசிமணி அளவான சிறு உயிரியும் ஆட்டீமியாவும் நல்லவை. வாய் ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு, கிழமைக்கு இரண்டு தடவை போதும். பெரிய துண்டைக் கொடுத்தால் சில மணித்தியாலங்களில் துப்பிவிடும்.

*சிறிய பொலிப்பு உள்ளவை:* அக்ரோபோரா, மொன்டிபோரா. இவற்றின் வாய் ஊசிமுனை அளவுதான். றொட்டிபர் போன்ற நுண்ணுயிரிகள், மிக நுண்ணிய தூள் உணவு ஆகியவையே வாய்க்குள் போகும். நீரில் கரைந்துள்ள அமினோ அமிலங்களையும் மீன்களின் கழிவிலுள்ள அமோனியத்தையும்கூட உறிஞ்சிக்கொள்ளும். மீன் உள்ள தொட்டியில் இவற்றுக்குத் தனியாக ஊட்டுவது பெரும்பாலும் தேவைப்படாது.

*மென்முருகைகள்:* தோல் முருகை, சீனியா, அவற்றோடு சேர்த்து வைக்கப்படும் சோவந்திட்டுகள். வெளிச்சத்திலும் நீரில் கரைந்தவற்றிலும் பெரும்பாலும் வாழ்ந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை. ஆனால் சில சோவந்திட்டுகளில் பலிடொக்சின் எனும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டக்கூடாது. அவை ஒட்டிய கல்லைச் சுடுநீரில் போடவே கூடாது. அந்த ஆவியே ஆளை வைத்தியசாலைக்கு அனுப்பிவிடும்.

*அல்கா இல்லாதவை:* இவற்றுக்கு ஊட்டினால்தான் வாழ்வு. நான் மறக்க முடியாத பிழை இங்கேதான் நடந்தது.

நான் பட்டினி போட்ட சூரிய முருகை

முதலாவது வருடம் ஒரு கடையில் செம்மஞ்சள் நிறத்தில் எரிவதுபோல் இருந்த டியூபஸ்ட்ரியா ஒன்றை வாங்கினேன். சூரிய முருகை என்பது அதன் பெயர். பெயரை நம்பி விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். உண்மையில் அதன் உடலில் அல்காவே இல்லை. கடலில் அது பாறையிடுக்குகளிலும் குகைகளின் கூரையிலும் வாழ்ந்து, இரவில் விரிந்து, இரைபிடித்து உண்பது. அதன் ஒவ்வொரு பொலிப்புக்கும் தனித்தனியே, அடிக்கடி ஊட்டவேண்டும். எனக்கு அது தெரியாது. நான்கு மாதங்களில் தசை சுருங்கி, சுண்ணாம்புக் கிண்ணங்களின் விளிம்பு வெளியே தெரிந்தது. பிறகு வெறும் வெள்ளைக் கல். மீன் பட்டினி கிடந்தால் கண்ணாடி அருகே வந்து வாய் திறக்கும். முருகை சத்தமில்லாமல் சாகும்.

அந்தக் குற்ற உணர்வில் மறுபக்கம் போனேன். தூள் உணவை நாள்தோறும் கொட்டினேன். பொசுபேற்று ஏறியது, பச்சை அல்கா மயிர்போல் வளர்ந்து கற்களை மூடியது, இரண்டு யூபிலியாக்கள் அழுகின. பட்டினியில் ஒன்றையும் அன்பில் இரண்டையும் கொன்றேன்.

ஊட்டும் முறை

இப்போது நான் செய்வது இதுதான். விளக்கு அணைந்து அரை மணித்தியாலத்தின் பின், பரிசக்கொம்புகள் வெளிவந்திருக்கும்போது ஊட்டுகிறேன். உறைந்த மைசிஸைத் தொட்டி நீரிலேயே இளகவைத்து, தேநீர் வடியில் அலசி, உறைநீரை ஊற்றிவிடவேண்டும். முதலில் மீன்களுக்கு உணவு. இல்லாவிட்டால் அவையும் இறால்களும் முருகையின் வாயிலிருந்தே பறித்துக்கொள்ளும். பிறகு பம்பிகளை 15 நிமிடம் நிறுத்தி, பாடசாலை ஆய்வுகூடத்தில் பார்த்த குழாயி போன்ற நீண்ட குழாயால் உணவைப் பரிசக்கொம்புகளின்மேல் மெதுவாக விடவேண்டும். பீய்ச்சினால் பொலிப்பு மூடிக்கொள்ளும். உண்டு முடிந்ததும் பம்பிகளைப் போட மறக்கக்கூடாது. நீரோட்டம் நின்றால் ஒட்சிசன் குறையும். மிஞ்சிய உணவை அன்றே உறிஞ்சி எடுத்துவிடவேண்டும்.

அளவைச் சொல்வது கண் அல்ல, நீர்ப் பரிசோதனை. கிழமைக்கு ஒருமுறை நைத்திரேற்றும் பொசுபேற்றும் அளக்கிறேன். நைத்திரேற்று லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பொசுபேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்பது பலரும் பின்பற்றும் எல்லை. இரண்டும் பூச்சியமாவதும் நல்லதல்ல. முருகைகள் வெளிறும், பழுப்பு நிறச் சளிபோன்ற நுண்ணுயிரிகள் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஏறினால் உணவைக் குறையுங்கள், நீரை மாற்றுங்கள். இறங்கினால் மீனுக்குச் சற்றுக் கூட்டுங்கள். எதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

தொட்டிக்கு வெளியே

இதை ஒரு பொழுதுபோக்குக் குறிப்பாக மட்டும் எழுதவில்லை. 1998 இலும் 2016 இலும் கடல் சூடானபோது இலங்கையின் முருகைக்கற்பாறைகள் பெருமளவில் வெளிறின. வெளிறல் என்றால் முருகை தன் அல்காக்களை இழப்பது. வெளிறிய முருகை உடனே இறப்பதில்லை, அது பசித்திருக்கிறது. அல்காக்கள் திரும்பும்வரை தாங்கினால் பிழைக்கும். ஹவாயின் மொன்டிபோரா கப்பிட்டாட்டா எனும் முருகை, வெளிறிய நிலையில் இரைபிடிப்பதைக் கூட்டி, தன் நாளாந்த சக்தித் தேவை முழுவதையும் அதிலிருந்தே பெறக்கூடியது என்று 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதோடு சோதிக்கப்பட்ட மற்ற இனங்களால் அது முடியவில்லை. எல்லா முருகையும் பசியை ஒரேமாதிரித் தாங்குவதில்லை. தொட்டியில் கண்டதும் அதுவே.

இதை வாசித்து இலங்கையில் யாரும் கடலுக்குப் போய் ஒரு கிளையை முறித்துவரக் கூடாது. கல்முருகைகள் அங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை; எடுப்பது குற்றம். அவற்றின் சர்வதேச வர்த்தகமும் சைற்றிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பின்னிணைப்பின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. சட்டத்தை விட்டாலும், என்னைப்போல் தெரியாமல் வாங்கிய ஒருவரின் கையில் அதற்கு நான்கு மாதம்தான் ஆயுள்.

கடைசியாக ஊருக்குப் போனபோது எங்கள் ஒழுங்கை மதிலில் கைவைத்துப் பார்த்தேன். கல் முழுவதும் நட்சத்திரம் போன்ற சிறு பள்ளங்கள். சிறுவயதில் அவற்றை விரலால் தடவியிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு வாய் இருந்த இடம் என்று இப்போது தெரியும்.