பரிசுத்தம் என்னும் சொல்லின் வழக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தமிழ் வழிபாடு நடக்கும் கோயில்கள் இரண்டிற்குச் சென்று வருபவர் ஒரு பொருளுக்கு இரு சொற்களைக் கேட்பர். லுத்தரன் சபையாரின் சீயோன் ஆலயத்தில் 'பரிசுத்த ஆவி' என்பர். கத்தோலிக்கரின் பாத்திமா மாதா கோயிலில் 'தூய ஆவி' என்பர். சீர்திருத்தச் சபையார் 'பரிசுத்தவான்' என்று எழுதியவரைக் கத்தோலிக்கர் முன்னாளில் 'அர்ச்சியசிஷ்டர்' என்றனர். இந்நாளில் 'புனிதர்' என்கின்றனர். இவற்றுக்கெல்லாம் முன்னே, முத்துக்குளித்துறையில், போர்த்துக்கீசியச் சொல்லையே வாங்கி 'இஸ்பிரீத்து சாந்து' என வழங்கினர். ஒரு கருத்துக்கு இத்தனை சொற்கள் ஏன்? சபைகளுக்குள் இருந்த பிணக்கே காரணம் என்று கூறிவிடலாம். அவ்விடை போதாது. கிறித்தவனாகித் தூய வாழ்வு வாழ முயன்ற தமிழன் ஒவ்வொருவனும், தூய்மை என்பதற்கு நம் நாட்டில் முன்பே இருந்த பொருளோடு மல்லாட வேண்டியிருந்தது.

விவிலியத்தின் எபிரேயச் சொல்லான 'காதோஷ்' என்பதற்குப் 'பிரித்து வைக்கப்பட்டது' என்பது அடிப்படைப் பொருள் என்பர். பாத்திரமும் நாளும் மக்களும் இறைவனுக்கென்று பிரித்து வைக்கப்படுவதுண்டு. இக்கருத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் 'சுத்தம்' என்பதை எடுத்து, முழுமையைக் குறிக்கும் 'பரி' என்னும் முன்னொட்டு அமைந்த வடிவத்தை ஆண்டனர். சொல் அழகிய சொல்லே. ஆயினும் சுத்தம் என்னும் வீட்டில் ஏற்கெனவே வேறொருவர் குடியிருந்தனர். மடி, ஆசாரம், தீட்டு என்பன அவர்தம் பெயர்கள். எதினின்று பிரிந்திருத்தல் பரிசுத்தம்? பாவத்தினின்றா, பக்கத்துத் தெருக்காரனிடமிருந்தா? உடம்பின் தூய்மை வேறு, உள்ளத்தின் தூய்மை வேறு என வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வகுத்துக் காட்டியதை அறியாத தமிழாசிரியர் இலர். வகுத்துக் காட்டியது நூலில் நின்றது, தெருவில் நிற்கவில்லை.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. அன்றீக்கு அடிகள் 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1580இல், அவருடைய 'கொம்பெசியோனாயரு' வெளிவந்தது. பாவசங்கீர்த்தனம் செய்வதற்குத் துணையான நூல் அது. நெடுங்காலம் மறைந்து போயிற்று எனக் கருதப்பட்ட அந்நூலின் படி ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருப்பதை 1982இல் கிரகாம் ஷா எடுத்துக் காட்டினார். இவ்வகை நூல்கள் பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு ஒருவனைத் தனியே நிறுத்தி வினவுவன. பொய் சொன்னாயா? பிறன் பொருளை வைத்திருக்கிறாயா? வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்தாயா? அங்கே குலத்துக்கு இடமில்லை, நடக்கைக்கே இடம். தமிழில் அச்சேறிய முதற் சில நூல்களுள் ஒன்று தனிமனிதனின் நெஞ்சைச் சோதிக்கும் நூலாக அமைந்தமை கருதத் தக்கது. முதல் தமிழ் அச்சு நூல்களை உலகுக்கு அறிமுகம் செய்தவருள் முதன்மையான தனிநாயக அடிகள், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையை நடத்தினார் என்பதும், 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை 1966இல் கோலாலம்பூரிலேயே மறுபதிப்பாக வெளியிட்டார் என்பதும் நம் ஊருக்கு உரிய பெருமை.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் துறவுக் கோலம் பூண்டு, மரக்கறி உண்டு, பறங்கியரோடு கலவாமல் தனித்து வாழ்ந்தார். அவருடைய தவத்தை ஐயுற இடமில்லை. ஆனால் உயர்குலத்தார் மதிக்க வேண்டும் என்று அவர் தனித்து நின்ற முறையே, பின்னர்ச் சபையைப் பிரித்து நிறுத்தும் முறையாகவும் ஆயிற்று. வீரமாமுனிவர் வேறு வழியில் சென்றார். 1727இல் அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' உபதேசிமார்க்கு உரியது. கத்தோலிக்க வழக்கில் வேதியர் என்போர் ஊர் ஊராய்ச் சென்று மறை போதித்தவர்கள். பிறப்பால் வந்த ஒரு பெயர் இங்கே பணியால் வரும் பெயராகிவிட்டது. தேம்பாவணியை மேற்கோள் காட்டும் நம்மவர் இவ்வுரைநடை நூலைப் புரட்டாமல் விடுவது ஏனோ தெரியவில்லை.

வழக்கு முற்றியது தஞ்சையில். சுவிசேடக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) சுவார்ச்சு ஐயரின் மாணவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். பாட்டே வாழ்வாய், பக்தியே மூச்சாய் இருந்தவர். அவர் காலத்துத் தஞ்சைக் கோயிலில் வேளாளர் ஒரு புறமும் ஒடுக்கப்பட்ட குலத்தார் மறுபுறமும் அமர்ந்தனர். திருவிருந்துக் கிண்ணம் முன்னவர்க்கு முதலில் சென்றது. புதிதாய் வந்த இளம் பாதிரிமார் இதனை மாற்ற முற்பட்டபோது, சாஸ்திரியார் 1820களின் இறுதியில் நான்கு கொடுமைகளை எடுத்துக் கூறி எதிர்த்து எழுதினார். பழகிய வேதாகமத் தமிழை மாற்றுவது ஒன்று. சாதிகளைக் கலந்து ஒன்றாக்க வற்புறுத்துவது ஒன்று. விழாக்களில் மலர் அணியை விலக்குவது ஒன்று. கோயிலில் தமிழிசையைத் தடுப்பது ஒன்று.

இப்பட்டியலை இன்று படிக்கும் தமிழாசிரியர் ஒருவர் திகைப்பார். மூன்றில் அவர் மனம் கவிராயரோடு நிற்கும். தமிழிசையைத் தடுக்கவும் பூவை விலக்கவும் இவர்கள் யார் என்று அவரும் சினந்து கேட்பார். எஞ்சிய ஒன்றில் அவருடைய தலை குனியும். கவிராயருக்கோ நான்கும் ஒரே மாலையின் பூக்கள். சாதி உலக வழக்கு, அது ஆன்மாவைத் தொடாது, பாதிரிமார் அதனைத் தொடவேண்டுவதில்லை என்பது அவர் வாதம். பொய்யான மனிதர் இவ்வாறு வாதித்திருந்தால் நமக்கு இடர் இல்லை. பாவத்துக்கு அஞ்சிய ஒருவர், இரவும் பகலும் இறைவனைப் பாடிய ஒருவர், இதனைப் பாவமாகக் காணவில்லை. அவருடைய நெஞ்சச் சோதனையில் இவ்வொரு கேள்வி எழாமலே போயிற்று.

கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் விடுத்த கடிதம் சாதி வேற்றுமையை உடனே அறவே விட்டுவிடப் பணித்தது. அவர் சொன்னது சரி. ஆனால் கடிதத்தால் மனம் மாறுமாயின் உலகில் அஞ்சற்காரரே பெரிய குருமாராய் இருப்பர். ஆங்கிலேயர் தம் கோயில்களில் எங்கே அமர்ந்தனர், கறுப்பர் எங்கே அமர்ந்தனர் என்பதையும் அவர் சேர்த்து எழுதியிருந்தால் கடிதத்துக்கு வலிமை கூடியிருக்கும். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டு வெளியேறினர். 1840களில் ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் சங்கத்தார், பின்னாளில் லைப்சிக் மிஷன் எனப்பட்டோர், பொறுத்துப் பொறுத்துத் திருத்தலாம் என்ற கொள்கையினர். தஞ்சையில் மனம் வெறுத்தவர் பலர் அவர்களிடம் சேர்ந்தனர்.

நெல்லை நாட்டில் வேறொரு காற்று வீசியது. சாயர்புரத்துத் தமிழாசிரியராய் இருந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருட்டிண பிள்ளை, தனி ஒருவன் பாவச் சுமையோடு நடக்கும் நெடும் பயணத்தை 1894இல் இரட்சணிய யாத்திரிகமாகத் தந்தார். அதே காலத்தில், மேனாட்டார் 'தமிழ் டேவிட்' என்றழைத்த வி. டி. டேவிட், ஞானஸ்நானம் பெற்றதோடு அமையாமல் ஒவ்வொருவரும் உள்ளத்தில் தூய்மையைத் தேடவேண்டும் என்று ஊர் ஊராய்ப் பேசினார். அவர் எழுதிய சிறு நூல் ஒன்று ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் உள்ள கோமே தீவு வரை சென்றது. லுகாண்டா மொழியில் விவிலியம் பெயர்த்த பில்கிங்டன் 1893இல் மனமுடைந்து அங்கே தனித்திருந்தபோது அதனைப் படித்தார். ஊர் திரும்பி, தம் குறைகளைச் சபையார் முன் வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். உகாண்டாவில் அவ்வாண்டு எழுந்த சமய எழுச்சி அதிலிருந்தே தொடங்கியது. தமிழர் ஒருவரின் சிறு நூல் செய்த இவ்வேலை நம் இலக்கிய வரலாறுகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது தமிழர் இச்சொற்களையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தனர். லைப்சிக் மிஷன் வழி வந்த தமிழ் லுத்தரன்களின் பணி இங்கே 1907இல் தொடங்கியது; சீயோன் ஆலயம் 1924இல் எழுந்தது. மெதடிஸ்டுகளோ 1885இல் சிங்கப்பூரில் கால்வைத்து, 1897இல் கோலாலம்பூரில் பள்ளி நிறுவினர். அவர்களுடைய மூதாதை ஜான் வெஸ்லி 1742இல் பிரிஸ்டல் நகரில் கோயிற் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி தண்டப் பன்னிருவர் அளவான குழுக்களை அமைத்தார். பணம் வாங்க வீடு வீடாய்ச் சென்ற தலைவர்கள், கோயிலில் பக்தராய் இருப்பவர் வீட்டில் குடித்து, மனைவியிடம் எரிந்து விழுவதைக் கண்டனர். தண்டல், நெஞ்சச் சோதனையாயிற்று. வீட்டு வாசலில் தெரியும் பரிசுத்தமே பரிசுத்தம் என்பதைக் கடன் வசூல் கற்பித்தது வேடிக்கைதான்.

தோட்டத்து லயன் வாழ்க்கை ஊரின் பழைய தூரங்களைக் குறைத்தது. அறவே அழித்தது என்று கூற வரவில்லை. தனி லயன்கள் இருந்த தோட்டங்களும் உண்டு. பின்னர்த் தோட்டங்களும் துண்டாடப்பட்டன. வேலை தேடி வந்தோர் பலர் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் போன்ற புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒண்டினர். 2001 மார்ச்சில் அங்கே மூண்ட கலவரத்தில் ஆறு பேர் மாண்டனர். இம்முறை பிரித்தது சாதியன்று, இனம். 2015 ஏப்ரல் 19 ஞாயிறன்று, அதே வட்டாரத்துத் தாமான் மேடானில் கடைவீட்டில் இயங்கிய ஒரு சபையின் முன் ஏறத்தாழ ஐம்பது பேர் கூடி, வெளிச்சுவரில் இருந்த சிலுவையை அகற்றுமாறு முழங்கினர். சபையார் அன்றே அதனை இறக்கினர். அச்சத்தால் இறக்கினரா, அயலாரோடு பகை வேண்டாம் என்று இறக்கினரா என்பதை வெளியே நிற்பவர் அளந்து சொல்ல இயலாது. அன்றீக்கு அடிகளின் புத்தகத்தில் மேலும் ஓர் ஏடு சேர்ப்பதாயின், இக்கேள்வியை அங்கே எழுதலாம். சுவரைப் பார்த்து முழங்கியவர்களுக்கான கேள்வியையும் அதன் கீழே எழுதலாம்.