சட்டகத்துக்குள் இருக்கும் கையொப்பம் மெய்யானதா?

நிதிசேர் இராப்போசனம் ஒன்றுக்குப் போனவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். மண்டபத்தின் ஓரத்தில் வரிசையாகச் சில கண்ணாடிச் சட்டகங்கள். ஒன்றில் பெயர்பெற்ற உதைபந்தாட்ட வீரரின் கையொப்பத்துடன் ஒரு ஜேர்சி, இன்னொன்றில் ஒரு துடுப்பு மட்டை. கீழே பொன்னிற ஓரம் போட்ட ஒரு சான்றிதழ். பக்கத்தில் ஏலத்தொகையை எழுதும் தாள். நல்ல காரியத்துக்குத்தானே என்று ஒரு தொகையை எழுதுகிறோம். பிள்ளை ஆசையோடு பார்க்கிறான் என்று இன்னும் நூறு கூட்டுகிறோம்.

அந்தக் கையொப்பம் மெய்யானதுதானா? கையொப்பத்தை மட்டும் பார்த்து இதற்கு முழு உறுதியோடு பதில் சொல்வது கடினம். அது வீரரின் கையிலிருந்து எமது கைக்கு எந்த வழியாக வந்தது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

சான்றிதழையும் போலியாக அச்சிடலாம்

1990களின் இறுதியில் அமெரிக்காவின் எவ்.பி.ஐ. 'ஒப்பரேசன் புல்பென்' என்ற பெயரில் ஒரு விசாரணையை நடத்தியது. கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரமே அதன் மையம். அந்த நகரின் புகழ்பெற்ற பேஸ்போல் வீரர் ரோனி குவின், தனது கழகத்தின் கடையிலேயே தனது பெயரில் போலிக் கையொப்பங்கள் விற்பனைக்கு இருப்பதைக் கண்டுபிடித்தார். கழகத்தின் சொந்தக் கடைக்கே போலி நுழைய முடிந்தது என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

அந்த விசாரணையில் 60க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டனர். கையொப்பமிடுவதில் கைதேர்ந்தவர்கள் ஒருபுறம், சான்றிதழ் தயாரிப்பவர்கள் இன்னொருபுறம், விற்பவர்கள் வேறொருபுறம் என்று அது ஒரு தொழிற்சாலை போலவே இயங்கியது. கைப்பற்றப்பட்டவற்றுள் அன்னை தெரேசாவின் கையொப்பமிட்ட பேஸ்போல் பந்துகளும் இருந்தன. அவற்றைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் நாம் சிரிக்காமல் வாங்கக்கூடிய கையொப்பங்களையும் அதே கைகளே போட்டன.

மூன்று வகைச் சான்றுகள்

சான்றிதழ் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருட்கள் இருக்கின்றன.

முதலாவது, கையொப்பம் இடப்படும்போதே அருகில் நின்று பார்த்தவரின் சான்று. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்போல் 2001இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற ஒருவர், பெரும்பாலும் காவல்துறையில் பணியாற்றியவர், நேரில் நின்று பார்த்தபின் இலக்கமிட்ட ஹொலோகிராம் ஒன்றை ஒட்டுவார். பிரித்தெடுத்தால் அது கிழிந்துவிடும். அந்த இலக்கத்தை இணையத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். ஐஸ் ஹொக்கி நட்சத்திரம் வெயின் கிரெட்ஸ்கியுடன் ஒப்பந்தம் செய்த அப்பர் டெக் நிறுவனமும் நேரில் கண்ட கையொப்பத்துக்கே தன் முத்திரையை இடுகிறது. இந்த வகையே மிக வலுவானது.

இரண்டாவது, கையொப்பம் இடப்பட்டுப் பல காலத்துக்குப் பின் நிபுணர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் கருத்து. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கற் போன்ற நிறுவனங்கள் கட்டணம் பெற்று இதைச் செய்கின்றன. சந்தையில் இவர்களுக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இது கண்ட சாட்சியம் அல்ல, கருத்து.

மூன்றாவது, விற்பவரே தன் கணினியில் அச்சிட்டுத் தரும் தாள். விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு மேல் அதற்குப் பெறுமதி இல்லை. யார் வழங்கினார், எங்கே இருக்கிறார், பொருள் போலியானால் பணத்தைத் திருப்பித் தருவாரா என்பவை அத்தாளில் இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

தஞ்சம் கோரி விசாரணை மேசைகளின் முன் அமர்ந்த எமக்கு இது புதிதல்ல. தாளைக் காட்டினால் போதாது, அதை யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று கேட்டார்களே, அதே கேள்விகள்தான் இங்கும்.

கண்ணால் பார்க்கக்கூடியவை

ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். கையொப்பம் சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. துடுப்பு மட்டைகளில் வீரரின் கையொப்பத்தை அச்சிட்டே விற்பது பழைய வழக்கம். அதைக் கைப்பட எழுதியது என்று நம்பி ஏமாறுவோர் உண்டு.

நூற்றுக்கணக்கில் கையொப்பமிட்டுப் பழகிய கை வேகமாக ஓடும். கோட்டின் முடிவு மெலிந்து மறையும். பார்த்து எழுதுபவரின் கை மெதுவாக நகரும். நடுக்கம், இடையில் பேனாவைத் தூக்கிய தடம், மொட்டையான முடிவு ஆகியவை அதைக் காட்டிக் கொடுக்கும். இரண்டு கையொப்பங்கள் அச்சொட்டாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால், ஒருவர் இருமுறை எழுதியது என்று நம்ப வேண்டாம். அது இயந்திரம் இட்டதாக இருக்கலாம்.

காலத்தையும் பாருங்கள். பேஸ்போல் வீரர் பேப் ரூத் 1948இல் இறந்துவிட்டார். இன்றைய மார்க்கர் பேனாக்கள் 1960களில்தான் பரவின. மார்க்கரால் எழுதிய ரூத்தின் கையொப்பத்துக்கு நிபுணர் தேவையில்லை.

வந்த வழியே பெறுமதி

2022 மே மாதத்தில் இலண்டனில் சொதபீஸ் நிறுவனம் ஏலத்தில் விட்ட மரடோனாவின் ஜேர்சி சுமார் 71 இலட்சம் பவுண்களுக்கு விலைபோனது. 1986 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் அணிந்தது அது. ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹொட்ஜ் அதை அவருடன் மாற்றிக்கொண்டார். பல ஆண்டுகள் அது உதைபந்தாட்ட அருங்காட்சியகத்தில் இருந்தது. அது முதற்பாதியில் அணிந்தது, கோல்கள் அடித்தபோது அணிந்தது அல்ல என்று மரடோனாவின் மகள் மறுத்தார். ஏல நிறுவனம் ஆட்டப் படங்களோடு துணியின் நுண்ணிய அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வை முன்வைத்தது. அந்த விலை ஒரு கையொப்பத்துக்குக் கொடுக்கப்பட்டதல்ல, வந்த வழிக்குக் கொடுக்கப்பட்டது.

மெய்யான கையொப்பம் எல்லாம் விலையுயர்ந்தது என்றும் இல்லை. டொன் பிரட்மன் ஓய்வுபெற்ற பின்னரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதியோருக்குக் கையொப்பமிட்டு அனுப்பினார். எனவே அவரது கையொப்பம் அரிதானது அல்ல. அரிதாக இருந்தால்தான் விலை.

வாங்குவோருக்கும் விற்போருக்கும்

ஏல இரவுகளில் ஒழுங்கமைப்பாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது யாராவது அன்பளிப்பாகத் தந்ததா, வணிகர் ஒருவர் கொடுத்து வைத்ததா? வணிகருடையது என்றால் எத்தனை பங்கு அவருக்குப் போகிறது? பல ஏலங்களில் வணிகர் குறித்த அடிப்படை விலை அவருக்கே போய், அதற்கு மேல் வருவது மட்டுமே தொண்டுக்குச் சேர்கிறது. உதவி செய்வதுதான் நோக்கமென்றால் அந்தப் பணத்தை நேரடியாகக் கொடுப்பது மேல்.

பிரித்தானியாவில் 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளை வணிகரிடம் நேரடியாகக் கடனட்டையில் வாங்கினால், பொருள் சொன்னபடி இல்லாதபோது அட்டை நிறுவனத்திடமும் பணம் கோரலாம். இணையத்தில் வணிகரிடம் வாங்கிய பொருளைக் கிடைத்த 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று அறிவிக்கவும் உரிமை உண்டு. தனியாரிடம் காசாகக் கொடுத்து வாங்கினால் இந்தப் பாதுகாப்புகள் இல்லை.

விற்கும்போது தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். மங்கிய கையொப்பத்தின் மேல் மீண்டும் மை ஓட்ட வேண்டாம், பெறுமதி போய்விடும். வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம். நீங்கள் ஏமாந்து வாங்கிய போலியை இன்னொருவரிடம் தள்ளிவிடவும் வேண்டாம். வாங்கப் போவதும் ஏதோ ஒரு வீட்டின் தகப்பனோ தாயோதான்.

மைதானத்து வாசலில் காத்து நின்று உங்கள் பிள்ளை தானே வாங்கிவந்த கையொப்பம் வீட்டில் இருந்தால், அன்றைய நுழைவுச்சீட்டையும் ஒரு படத்தையும் அதோடு சேர்த்து வையுங்கள். நாளும் இடமும் குறித்து ஒரு வரி எழுதி வையுங்கள். சந்தையில் அதற்குப் பெரிய விலை கிடைக்காமல் போகலாம். ஆனால் அது மெய்யானதா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கப் போவதில்லை.