மார்பில் வைத்த கை

இதயம் நின்றுபோனால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை கெடத் தொடங்கிவிடும். கந்தப்பளையில் மேல் டிவிஷன் லயத்திலிருந்து ஒருவரைத் தூக்கிவந்து, வண்டி பிடித்து, நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்க்க எவ்வளவு நேரமாகும் என்று தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிமிடங்களோடு போராடியவர்களின் கதை இந்த வாரம்.

1958ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிக்கர்பொக்கர் என்ற இளம் பொறியியல் ஆய்வாளர், நாய்களின் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். கனத்த மின்தகட்டை மார்பில் அழுத்தியதுமே, மின்சாரம் பாயும் முன்பே, நாயின் இரத்த அழுத்தம் ஏறியது. அதுவரை நின்ற இதயத்தை அமுக்கிவிட நெஞ்சைக் கிழித்துத்தான் கைவிட வேண்டும். கூவன்ஹோவன், ஜூட் இருவருடன் சேர்ந்து 1960இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், நெஞ்சைக் கிழிக்காமல் வெளியிலிருந்தே கையால் மார்பு அழுத்தப்பட்ட 20 நோயாளிகள். பிழைத்தவர்கள் 14 பேர்.

அந்த அழுத்தத்தோடு வாய்வழி மூச்சையும் இணைத்தவர் டொக்டர் பீட்டர் சாஃபர். 1966இல் அவருடைய சிறு மகள் எலிசபெத்துக்கு ஆஸ்துமா முற்றியது. இதயத்தை மீட்டார்கள்; மூளை மீளவில்லை, பிள்ளை போய்விட்டாள். மறு ஆண்டே பிட்ஸ்பர்க்கின் ஏழைக் கறுப்பின மக்களுக்குப் பயிற்சி தந்து அம்புலன்ஸ் சேவை தொடங்கத் துணைநின்றார் அந்தத் தகப்பன்.

மூளையைக் காக்க அவருடைய குழு தியோபென்டாலையும் நாடியது. பார்பிட்யூரேட் வகையைச் சேர்ந்த இந்த மயக்க ஊசி, சத்திரசிகிச்சைக் கூடங்களில் 1934 முதல் புழக்கத்தில் இருந்தது. மூளையின் வேலையைத் தணித்தால் ஒட்சிசன் தேவையும் குறையும் என்பது கணக்கு. 1978இல், மூளைக்கு இரத்தம் 16 நிமிடம் தடைப்பட்ட குரங்குகளில் பலன் தெரிந்தது. பின்னர் மறுபடி சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதயம் மீண்ட பின்னும் நினைவு திரும்பாத 262 பேரிடம் நடத்திய பன்னாட்டு ஆய்வு 1986இல் வெளிவந்தது: மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தாங்கள் நம்பிய மருந்து பொய்த்ததை உலகறியச் சொன்ன அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆக, மிஞ்சியது கைதான். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது மலையேறி வரும்வரை நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். டிவிஷனுக்கு நாலு பேருக்காவது இதைப் பழக்கிவிடத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இந்த ஆண்டே முன்வர வேண்டும்.